சுண்டு விரல் மரத்துப்போனால் முதலில் சைக்கிள் சீட்டைப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி சொல்லிவிடுகிறேன். கோவையில் இருக்கிறீர்கள், வயது 41, எட்டு மாதமாக நேரான ஹேண்டில்பார் உள்ள ஹைப்ரிட் சைக்கிள் ஓட்டுகிறீர்கள். 50 கி.மீ. தாண்டியதும் இரண்டு கைகளிலும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகின்றன, வலது கையில் அதிகம். முன்பெல்லாம் அரை மணியில் தெளிந்துவிடும். போன வாரம் பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய்த் திரும்பியபின் வலது சுண்டு விரல் இரண்டு நாள் சரியாகவில்லை. கடையில் சொன்னதைக் கேட்டு ஜெல் வைத்த கிளவுஸ் வாங்கியும் பெரிய மாற்றமில்லை. இன்னும் ஆறு வாரத்தில் முதல் 200 கி.மீ. பி.ஆர்.எம். (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூரச் சவாரி) இருக்கிறது. எந்த கிளவுஸ் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தக் கடைசி வரி, "இப்படியே ஓட்டினால் கை போய்விடுமா" என்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன். நான் 15 வருடமாக பிசியோதெரபிஸ்ட். அதில் பாதிக்கு மேல் நீண்ட தூரம் சைக்கிளும் ஓட்டுகிறேன். இந்த மரத்துப்போதல் எனக்கும் வந்து போயிருக்கிறது.

பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். நீண்ட தூரம் ஓட்டுபவர்களில் இது வராதவர்கள்தான் குறைவு. 600 கி.மீ. சவாரிக்கு முன்னும் பின்னும் 25 பேரின் கைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2003-ல் வெளியானது. அதில் 23 பேருக்கு மரத்துப்போதலோ வலுக்குறைவோ இரண்டுமோ இருந்தன. சவாரி முடிந்து சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிட்டால் நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது, அறுந்துபோகவில்லை. அதற்காக அலட்சியமாக இருக்கலாம் என்று சொல்லமாட்டேன். அரை மணியில் போய்க்கொண்டிருந்தது இரண்டு நாள் நிற்கிறது என்றால், எதையும் மாற்றாமல் இதே மாதிரி 200 கி.மீ. போகக் கூடாது.

எந்த விரல் மரக்கிறது என்பதுதான் எங்களுக்கு முதல் துப்பு. வலது உள்ளங்கையை மேலே பார்க்கத் திருப்பிக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் இருக்கும் மடிப்புக்கோட்டில், சுண்டு விரல் பக்கம், இடது கட்டை விரலால் தடவிப் பாருங்கள். பட்டாணி அளவில் ஓர் எலும்பு தட்டுப்படும். அங்கிருந்து ஆள்காட்டி விரலின் அடியை நோக்கி ஒரு விரல் அகலம் தள்ளிக் கொஞ்சம் ஆழமாக அழுத்தினால் இன்னொரு எலும்பின் முனை தெரியும், அது கொக்கி போல நீட்டிக்கொண்டிருப்பது. இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சந்து வழியாகத்தான் அல்நார் நரம்பு கைக்குள் நுழைகிறது. 1861-ல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயரால் இதற்கு கியோன் கால்வாய் என்று பெயர். சுண்டு விரலுக்கும் மோதிர விரலின் பாதிக்கும் உணர்ச்சி இந்த நரம்பிலிருந்து வருகிறது. இப்போது அந்தக் கையை நேராக உள்ள ஒரு ஹேண்டில்பார் மேல் வைப்பதாக நினைத்துப் பாருங்கள். உடம்பின் பாரம் விழும் இடம் அதே சந்துதான். நரம்புக்கு மேலே அங்கே தசை மெத்தை பெரிதாக இல்லை.

கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்தால் அது வேறு நரம்பு, மீடியன். அது மணிக்கட்டின் நடுவே கார்ப்பல் டனல் வழியாகப் போகிறது. மணிக்கட்டைப் பின்னால் மடித்தபடி வெகுநேரம் ஓட்டினால் அதுவும் நெருக்கப்படும். ராத்திரி தூக்கத்தில் இந்த மூன்று விரல்களும் மரத்து, எழுந்து கையை உதற வேண்டியிருந்தால் அதற்குச் சைக்கிளைத் தாண்டிய காரணம் இருக்கலாம். உங்கள் விவரத்தில் அது இல்லை. இன்னொன்றைக் கவனியுங்கள்: சுண்டு விரல் பக்கத்துப் புறங்கையும் மரக்கிறதா? புறங்கைக்குப் போகும் கிளை மணிக்கட்டுக்கு மேலேயே பிரிந்துவிடுகிறது. ஆகவே புறங்கை சரியாக இருந்து விரல்களின் உள்பக்கம் மட்டும் மரத்தால் கோளாறு மணிக்கட்டில் இருக்கவே வாய்ப்பு அதிகம். புறங்கையும் சேர்ந்து மரத்தால் முழங்கையையோ கழுத்தையோ சந்தேகிக்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றி நாள் முழுக்க லேப்டாப் பார்ப்பவர்களுக்கு முழங்கையில் தொடங்கி சைக்கிளில் வெளிப்படுவதுண்டு.

இனி முக்கியமான எல்லைக்கோடு. உணர்ச்சி குறைவதைவிட வலு குறைவதற்குத்தான் நான் அஞ்சுவேன். அந்தக் கால்வாயிலேயே நரம்பு இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை தோலுக்குப் போகிறது. இன்னொன்று ஆழமாக இறங்கி, கொக்கி எலும்பைச் சுற்றிக்கொண்டு, விரல்களை விரிக்கவும் சேர்க்கவும் உதவும் சிறு தசைகளுக்குப் போகிறது. இந்த ஆழக் கிளை மட்டும் அழுந்தினால் விரல் மரக்காது, ஆனால் கை பலமிழக்கும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் இரண்டு மாதத்தைத் தவறவிட்டார். "மரமரப்பே இல்லைங்க, சட்டை பொத்தான் போட மட்டும் வரமாட்டேங்குது" என்றார். கையைத் திருப்பிப் பார்த்தால் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கைத் தசை குழிந்திருந்தது. வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு காகிதத்தை இரண்டு கைகளாலும் கைக்கொரு பக்கம் பிடியுங்கள், கட்டை விரலை நேராக வைத்து, ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தி. காகிதத்தை இரண்டு பக்கமும் இழுங்கள். ஒரு கையில் மட்டும் காகிதம் நழுவினாலோ, நழுவாமல் இருக்கக் கட்டை விரலின் நுனி மூட்டு தானாக மடங்கினாலோ அந்தக் கையில் ஆழக் கிளை பாதிக்கப்பட்டிருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் சைக்கிளைத் தொட வேண்டும்.

உங்களுக்கு அந்த நிலை இல்லை என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன். கையை நேரில் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது, அதனால் காகிதச் சோதனையை இன்றே செய்துவிடுங்கள்.

கை மரக்கிறது என்றதும் எல்லோரும் கையைத்தான் பார்க்கிறார்கள். கிளவுஸ், கிரிப், டேப் என்று செலவு அங்கேயே போகிறது. நான் முதலில் சீட்டைப் பார்ப்பேன். கைக்கு ஏன் இவ்வளவு பாரம் வருகிறது என்பதற்கான விடை பெரும்பாலும் இடுப்புக்குக் கீழேதான் இருக்கிறது. சீட்டின் மூக்கு கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் மிதிக்க மிதிக்க உடம்பு முன்னால் வழுக்கும். வழுக்காமல் இருக்க நாம் அறியாமலே இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைத் தள்ளிக்கொண்டே இருப்போம். மூன்று மணி நேரம் ஒரு சுவரைத் தள்ளுவதற்குச் சமம் அது. போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்து, சீட் மேல் ஒரு புத்தகத்தை வைத்து, அதன் மேல் போனை வையுங்கள். சைக்கிள் சமதளத்தில் நிற்க வேண்டும். இரண்டு டிகிரிக்கு மேல் முன்சாய்வு இருந்தால் உங்கள் தொல்லையில் பெரும்பங்கு அதுவாகவே இருக்கலாம். முன்பக்கம் அழுத்துகிறது என்று பலர் மூக்கை இறக்குகிறார்கள். அந்த வலி பெரும்பாலும் சீட் உயரம் அதிகமாக இருப்பதாலோ சீட் உங்கள் இடுப்பெலும்புக்குப் பொருந்தாததாலோ வருவது. மூக்கை இறக்கினால் அந்த வலி கைக்கு மாறும், அவ்வளவுதான்.

அடுத்தது சீட் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்பது. இதில் நம் யோசனை தலைகீழாக ஓடும். "ஹேண்டில்பார் எட்டாக இருக்கு, சீட்டை முன்னால தள்ளலாம்" என்று தோன்றும். தள்ளினால் எட்டும், ஆனால் கைப்பாரம் கூடும். நம்பாவிட்டால் இதைச் செய்து பாருங்கள். சுவரில் குதிகாலும் புட்டமும் ஒட்ட நின்று, தரையில் ஒரு சாவியைப் போட்டு, முழங்காலை மடிக்காமல் குனிந்து எடுக்கப் பாருங்கள். முன்னால் விழப்போவீர்கள். சுவரைவிட்டு ஓரடி தள்ளி வந்து குனிந்தால் புட்டம் தானாகப் பின்னால் போய்ச் சமன் செய்துகொள்ளும், விழமாட்டீர்கள். சைக்கிளிலும் கணக்கு இதுதான். பாதங்கள் பெடலில் ஊன்றியிருக்கின்றன. அவற்றுக்குப் பின்னால் இடுப்பு போதுமான அளவு தள்ளியிருந்தால் முன்னால் குனிந்த உடம்பு தன்னைத் தானே தாங்கும். இல்லாவிட்டால் அந்தப் பாரம் முழுக்க உள்ளங்கைக்குத்தான். சீட்டைப் பின்னால் 5 மி.மீ. தள்ளி, சீட் தண்டை ஒன்றிரண்டு மி.மீ. இறக்கி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். போதாவிட்டால் இன்னொரு 5 மி.மீ. தள்ளுங்கள். எட்டாமல் போனால் ஸ்டெம்மை (ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் தண்டு) நீளம் குறைந்ததாக மாற்றுவதுதான் சரியான வழி. 10 அல்லது 20 மி.மீ. குறைந்த ஸ்டெம்முக்கு ஆகும் செலவு நல்ல கிளவுஸ் விலையை ஒட்டித்தான் இருக்கும். ஹேண்டில்பார் உயரத்தையும் ஸ்டெம் அடியிலும் மேலும் இருக்கும் வளையங்களை இடம்மாற்றி ஒரு விரல் அளவு ஏற்றலாம்.

சரியாக அமைந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? வண்டி வராத நேரான சாலையில், வழக்கமான வேகத்தில் மிதித்துக்கொண்டிருக்கும்போது, கைகளை ஹேண்டில்பாரிலிருந்து ஒரு விரல் உயரம் மட்டும் தூக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று வினாடி உடம்பு அப்படியே நின்றால் சமநிலை நன்றாக இருக்கிறது. தூக்கியதும் மார்பு முன்னால் சரிந்தால் கை இன்னும் தூணாகத்தான் வேலை செய்கிறது. கையை விட்டு ஓட்டிப் பழக்கமில்லாதவர்கள் சைக்கிளை நிறுத்தி வைத்து மிதிக்கும் ட்ரெய்னரிலோ, பின்னால் ஒருவரைச் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள வைத்தோ செய்யலாம்.

கையின் கோணத்துக்கு வருவோம். ஹைப்ரிட்டில் பிரேக் லீவரைக் கடையில் பெரும்பாலும் கிடைமட்டமாக வைத்துத் தருகிறார்கள். விரலை அதன் மேல் வைக்க மணிக்கட்டைப் பின்னால் மடிக்க வேண்டியிருக்கும். அந்த மடிப்பு இரண்டு நரம்புகளையும் நெருக்கும். அலன் கீயால் லீவரை முன்பக்கமாகக் கீழே திருப்பி, முன்கை, மணிக்கட்டு, விரல் மூன்றும் ஒரே கோட்டில் வரும்படி வையுங்கள். பிரேக்கைச் சோதிக்காமல் சாலையில் இறங்காதீர்கள். நேரான பாரின் பெரிய குறை கை வைக்க ஒரே இடம்தான் இருப்பது. முனையில் கொம்பு போல மாட்டும் பார்-எண்ட், உள்ளங்கை சாய்ந்துகொள்ள இறக்கை போல விரிந்த கிரிப் இரண்டும் சேர்ந்து கிடைக்கின்றன. உங்கள் சைக்கிளுக்கு நான் பணம் செலவழிக்கச் சொன்னால் முதலில் இதற்குத்தான் சொல்வேன். இறக்கையை மேல்நோக்கித் தூக்கி மாட்டினால் மணிக்கட்டு மறுபடி மடங்கும். கை நேராக வரும்வரை திருப்பித் திருப்பிப் பார்த்து இறுக்குங்கள். ரோடு பைக் வைத்திருப்பவர்களுக்கு ஹுட் (பிரேக் லீவரின் மேல்பகுதி), மேல்பார், ட்ராப்ஸ் (கீழே வளைந்த பகுதி) என்று இடம் மாற்ற வசதி உண்டு, ஆனால் பலர் ஹுட்டிலேயே குடியிருக்கிறார்கள். எந்தப் பாராக இருந்தாலும் ஐந்து நிமிடத்துக்கு மேல் ஒரே பிடியில் இருக்க வேண்டாம்.

கிளவுஸ் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். 36 அனுபவசாலிகளை வைத்து உள்ளங்கையின் சுண்டு விரல் மேட்டில் விழும் அழுத்தத்தை அளந்த ஓர் ஆய்வு உண்டு. மெத்தை வைத்த கிளவுஸ் அந்த அழுத்தத்தை 10 முதல் 28 விழுக்காடு வரை குறைத்தது. அதிலும் மெல்லிய ஃபோம் கொஞ்சம் கூடுதலாக உதவியது. தடிமனான ஜெல் அதைவிட நல்லது என்று காட்டவில்லை. அழுத்தம் குறைவதும் மரத்துப்போவது நிற்பதும் ஒன்றல்ல, அதனால் கிளவுஸை நான் துணைக்கருவியாக மட்டுமே பார்க்கிறேன். என் கைக்குத் தெரிந்தது இது: ஜெல் தடித்தால் பிடிமானம் பருத்து, விரல்கள் அதை இறுக்கிப் பிடிக்கத் தொடங்கும். இறுகிய கிளவுஸும் கெடுதல். ஜெல் கட்டி சரியாக அந்தப் பட்டாணி எலும்புக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நிலைமை மோசமாகும். உங்களுடையதைப் போட்டு, ஜெல் எங்கே இருக்கிறது என்று தொட்டுப் பாருங்கள்.

டயர் காற்றையும் மறக்க வேண்டாம். ஹைப்ரிட்டின் 35 மி.மீ. டயரில் 80 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு வருபவர்களைப் பார்க்கிறேன். கல் போல இருந்தால் வேகமாகப் போகும் என்ற எண்ணம். 75 கிலோ எடையுள்ளவருக்கு முன் டயரில் 45 முதல் 55 வரை தாராளம், பின் டயரில் கொஞ்சம் கூட. டயரின் பக்கவாட்டில் அச்சிட்ட எல்லைகளுக்குள் இருந்தால் சரி. நம் நெடுஞ்சாலைகளில் ஊருக்கு ஊர் வேகத்தடைக்கு முன்னால் வரிவரியாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகளில் இந்த வித்தியாசம் உடனே கைக்குத் தெரியும். அந்தப் பட்டைகள் வரும்போது முழங்கையை மடித்து, புட்டத்தை லேசாகத் தூக்கி, பிடியைத் தளர்த்திக் கடந்துவிடுங்கள். முழங்கையைப் பூட்டி வைத்தால் ஒவ்வொரு அதிர்வும் நேராக அந்தச் சந்தில்தான் இறங்கும்.

50 கி.மீ. வரை ஒன்றும் இல்லாமல் பிறகு வருகிறதே என்று கேட்டிருந்தீர்கள். நன்றாக அழுத்தி மிதிக்கும்போது காலின் தள்ளல் உடம்பின் பாரத்தில் ஒரு பகுதியைத் தூக்கிக்கொள்கிறது. களைத்ததும் மிதி மெல்லியதாகிறது, வயிறும் முதுகும் தளர்கின்றன, மேலுடம்பு அப்படியே கையில் சாய்கிறது. இறக்கத்தில் மிதியே இல்லை, பாரம் முழுக்க கையில், கூடவே பிரேக்கும். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது கை நன்றாக இருந்து, இறங்கும்போது பாதியில் மரத்துப்போனதாக எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நான் அட்டகட்டியில் ஒரு முறை, ஒன்பதாம் வளைவின் லோம்ஸ் வியூ காட்சிமுனையில் ஒரு முறை கட்டாயம் இறங்கி நின்று கையை விரித்து மூடுவேன். மரத்த விரலால் பிரேக் பிடிப்பது நரம்பைத் தாண்டிய ஆபத்து. தரையில் முழங்கையூன்றிப் படுக்கும் பிளாங்க் பயிற்சியும், குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும் பயிற்சியும் வாரத்தில் நான்கு நாள், பத்துப் பத்து நிமிடம் செய்தால் இந்தக் களைப்பு தள்ளிப்போகும். ஆறு வாரம் அதற்குக் குறைவான காலம் இல்லை.

ஓட்டும்போது தொடங்கிவிட்டால் முழுதாக மரக்கும்வரை காத்திருக்காதீர்கள். எறும்பு ஊர்வது போன்ற முதல் சிலிர்ப்பிலேயே ஒரு கையை எடுத்துக் கீழே தொங்கவிட்டு, விரல்களை விரித்து மூடி, அடுத்து மற்றக் கை. பிறகு பெடலில் எழுந்து நின்று கொஞ்ச தூரம். அடங்காவிட்டால் இறங்கி ஒரு டீ குடிக்கும் நேரம் நில்லுங்கள். 200 கி.மீ.க்கு 13.5 மணி நேரம் தருகிறார்கள், இந்த நிறுத்தங்களுக்கு அதில் இடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் தைலம் போட்டு உள்ளங்கையை அழுத்தி நீவுவது நம் வீடுகளில் வழக்கம். பாசத்தோடு செய்வதுதான், ஆனால் ஏற்கெனவே நசுங்கிய நரம்பை மறுபடி நசுக்குகிறது அது. முன்கையை வேண்டுமானால் மெதுவாகத் தடவிக்கொள்ளலாம். மணிக்கட்டின் அடியைத் தொடவேண்டாம். வலி மாத்திரை மரத்துப்போவதற்குப் பயன்படாது. பி12 மாத்திரை, அந்தச் சத்து குறைந்தவர்களுக்கு மட்டும்தான் உதவும். சைவ உணவுக்காரர்கள் ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. சர்க்கரையும் தைராய்டும் கூடவே பார்த்துவிடுங்கள். சர்க்கரை உள்ளவர்களின் நரம்பு இதே அழுத்தத்துக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் பணிந்துவிடும். பாதமும் மரக்கிறதென்றால் தள்ளிப்போடவே கூடாது.

என்னுடைய கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு 400 கி.மீ. சவாரிக்கு முன்னால் வேகத்துக்கு ஆசைப்பட்டு ஹேண்டில்பாரை இறக்கினேன். பாதித் தூரத்திலேயே விரல் மரத்தது, முடித்துவிடலாம் என்று ஓட்டினேன். மறுநாள் மதியம் இலையில் சோறு பிசைகிறேன், மற்ற விரல்களில் சாம்பார் சுடுகிறது, சுண்டு விரலில் சூடே இல்லை. வேறு யாருடைய கையோ இலையில் இருப்பது போல இருந்தது. அது திரும்பி வர ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் நடையும் நீச்சலும்தான். நரம்பின் உறை மட்டும் பாதித்திருந்தால் சில நாள் முதல் சில வாரங்களில் மீளும். உள்ளே இருக்கும் இழையே சிதைந்திருந்தால் அது நாளைக்கு ஒரு மி.மீ. அளவில்தான் வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் தசைகளுக்கு எட்டு செ.மீ. என்றால் மாதக் கணக்கில் போகும். அதனால்தான் மரத்த கையோடு அடுத்த சவாரிக்குப் போகாதீர்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் ஆறு வாரத்துக்கு நான் சொல்வது: வலது சுண்டு விரல் இடது போலவே உணர்ச்சியோடு இருக்கும்வரை ஓட்ட வேண்டாம். அதன்பின் சீட் சாய்வு, சீட் இடம், லீவர் கோணம், கிரிப் என்று வாரம் ஒன்றாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது என்று தெரியாது. பழைய நிலைகளை டேப் ஒட்டிக் குறித்து வையுங்கள். முதல் இரண்டு வாரம் 40 கி.மீ., பிறகு 60, 80, கடைசியாக ஒரு 120. அந்த 120-ல் விரல் அரை மணிக்குள் தெளிந்துவிட்டால் பி.ஆர்.எம். போங்கள். ஓட்டாமல் இருந்தும் இரண்டு வாரம் மரமரப்பு போகாவிட்டால், அல்லது காகிதம் நழுவினால், கழுத்திலிருந்து கைக்குச் சுள்ளென்று இழுத்தால், இந்த வருடம் பி.ஆர்.எம்.மை விட்டுவிட்டு, நரம்பு எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் நரம்புக் கடத்தல் சோதனைக்குப் போங்கள். காகிதச் சோதனையில் என்ன தெரிந்தது, புறங்கை மரக்கிறதா, சீட்டின் சாய்வு எத்தனை டிகிரி, இந்த மூன்றையும் எழுதுங்கள். மேலே சொன்னதில் எதை முன்னால் வைக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.